தண்ணீரில் வாடிய கொத்தமல்லி

செங்கல்பட்டு கிளைச்சிறையின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜோயல், பேசுவதற்குக் கிடைத்த நேரத்தில் பாதியை வாய் திறக்காமலே தீர்த்துவிட்டான்.

இந்தப் பக்கம் மூன்று பேர். முதலில் அவன் மனைவி சிநேகா. அவளுக்குப் பக்கத்தில் அவள் அமர்த்தியிருந்த துப்பறிவாளர் வசுமதி. பத்து வருடம் பள்ளியில் உயிரியல் பாடம் எடுத்துவிட்டு, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைவிடப் பெரியவர்கள் மறைக்கும் பதில்கள் சுவையாக இருக்கின்றன என்று சொல்லி, ஊரப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம் போட்டவர். மூன்றாவது ஆள் அவருடைய உதவியாளன் பாலா. கோவளத்துக்காரன். சும்மா இருக்கத் தெரியாதவன்.

வழக்கு சிறியது, ஆனால் எந்தப் பக்கமும் கதவு இல்லாதது. கோவளத்துக்குத் தெற்கே மேட்டுக்காலனி முனையில் ஜோயல் மருந்துக் கடை வைத்திருந்தான். சுனாமியில் கடல் உள்ளே வந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு காலனியில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் அளந்து கம்பெனியில் அடைத்து வரும் பாக்கெட்டுகளை ஜோயல் எல்லோருக்கும் கொடுத்தான். அதைக் கரைத்துக் குடித்த கண்ணகியின் இரண்டு வயது மகன் செத்துப்போனான். போலி மருந்து என்று வழக்கு. பாக்கெட்டுகள் சென்னைக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தன, அறிக்கை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருமுறை ஜாமீன் மறுத்தாகிவிட்டது. மறுநாள் இரண்டாவது மனு. புதிதாக ஏதாவது இல்லாமல் என்னை நிற்க வைக்காதீர்கள் என்று வக்கீல் சிநேகாவிடம் சொல்லியிருந்தார்.

வசுமதி மறுபடியும் கேட்டார். பாக்கெட்டை எங்கே வாங்கினாய், எங்கே வைத்திருந்தாய், காலாவதித் தேதி பார்த்தாயா. ஜோயல் தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். காவலர் நேரமாகிவிட்டது என்று தட்டியபோதுதான் நிமிர்ந்தான்.

"பாக்கெட்ட பத்தி இன்னா வேணா எழுதிக்கங்க மேடம். அந்தப் பொண்ணு வூட்டுக்கு மட்டும் போவாதீங்க."

ஏன் என்று வசுமதி கேட்பதற்குள் அவன் திரும்பி நடந்தான். சிநேகா கம்பிவலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே பாலா சொன்னான்: "போவாதன்னு சொன்னா நாம அங்கதான் மொதல்ல போவோம்னு பாவம் அந்தாளுக்குத் தெரியல."

"அவர் எதையோ மறைக்கிறார்."

"தப்பு பண்ணவன் மறைப்பான். இதுல இன்னா மேடம் அதிசயம்?"

பாக்கெட்டில் தப்பு இல்லை என்பது வசுமதிக்கு ஏற்கெனவே தெரியும். அதே தொகுதி எண் கொண்ட பாக்கெட் ஒன்று வேறொரு கடையில் கிடைத்தது. அதை முறைப்படி கரைத்து, முந்தின நாள் முழுக்க பாலாவையே குடிக்க வைத்திருந்தார். கோர்ட்டில் சொல்ல அது போதாதா என்று பாலா கேட்டான். நீ எதைத் தின்றாலும் சாகமாட்டாய் என்று எதிர்த் தரப்பு நிரூபித்துவிடும் என்றார் அவர்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினார்கள். சாலையிலிருந்து கழிமுகப் பக்கம் இறங்கும் மண்பாதையில் காலனி. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள். இப்போது ஆண்களில் பாதிப் பேர் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் விடியும்போதே போய்விடுவார்கள். கண்ணகியின் புருஷனும் அப்படித்தான். மகனைப் புதைத்த வாரமே வேலைக்குத் திரும்பியிருந்தான். ஒப்பந்த வேலை, லீவு கிடையாது.

கண்ணகிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வந்தவர்கள் ஜோயல் தரப்பு என்று தெரிந்தும் அவள் கதவைச் சாத்தவில்லை. பாய் விரித்தாள். அறையின் மூலையில் ஒரு மணைமேல் பச்சை பிளாஸ்டிக் குடம், வாயில் தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர். தட்டை எடுத்து, மொண்டு, முதலில் வசுமதிக்கும் பிறகு பாலாவுக்கும் குடிக்கக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

வசுமதி குடித்தார். நல்ல தண்ணீர். லேசாக பிளீச்சிங் பவுடர் வாசம், அவ்வளவுதான். அவர் மனதில் பாக்கி இருந்த ஒரே சந்தேகம் தண்ணீரின்மேல்தான். அதையும் அடித்துவிட வேண்டியிருந்தது. தண்ணீரில் குறை இல்லை என்று காவல் ஆய்வாளரும் எழுதியிருந்தார். அவரும் இதே டம்ளரில்தான் குடித்துப் பார்த்திருக்கிறார்.

கண்ணகி நடந்ததைச் சொன்னாள். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல். ஜோயல் சொல்லிக் கொடுத்த முறை எதையும் அவள் மாற்றவில்லை. நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி எடுத்தாள். பையன் குடித்தானா என்று வசுமதி கேட்டார்.

"குடிச்சான். குடிச்சிகினேதான் இருந்தான். வாயெல்லாம் வறண்டு போச்சி, இன்னும் தா இன்னும் தான்னு கேட்டான். அப்பறம் கையி காலு இழுத்துகிச்சி."

பாலா தன் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

வசுமதிக்கு ஒன்று உறுத்தியது. தண்ணீர் இல்லாமல் வாய் வறளும். இந்தப் பிள்ளை குடிக்கக் குடிக்க வறண்டிருக்கிறான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்தார்.

பின்வாசலில் அடுப்பு. அடுப்புத் திட்டின்மேல் கழுத்து வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு கட்டுக் கொத்தமல்லி. பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. கொத்தமல்லியோ விளிம்புக்கு வெளியே ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"இதுவும் துக்கம் கொண்டாடுது பாருங்க," என்றான் பாலா, கண்ணகிக்குக் கேட்காத குரலில்.

பக்கத்து வீட்டு சந்திரம்மா வேலியோரம் நின்றிருந்தாள். நாற்பதை நெருங்குகிறவள், வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண்குழந்தைக்குத் தாய். கண்ணகி சமைப்பதில்லை என்பதால் கறிகாய் வாங்கிவந்து வைப்பதும் பொங்கிப் போடுவதும் அவள்தான். அந்தக் கொத்தமல்லிக் கட்டையும் காலையில்தான் கோவளத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தாளாம். கையில் பிடித்தால் குத்துகிற மாதிரி விறைப்பாக இருந்ததாம்.

வசுமதி பாட்டிலருகே குந்தி உட்கார்ந்தார். "வாங்கினதும் தண்ணில வெச்சீங்களா?"

"நெறைய ஊத்திதாம்மா வெச்சேன். எல்லாம் வேஸ்டு. இன்னா கருமமோ, படுத்துகிச்சி."

"எந்தத் தண்ணி?"

சந்திரம்மாவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "பம்புத் தண்ணிதான். கொத்தமல்லிக்குப் போயி லாரித் தண்ணிய ஊத்துவாங்களா?"

வசுமதி விரலைப் பாட்டிலில் விட்டு நாக்கில் வைத்தார். கரித்தது. எழுந்து நின்று, திறந்திருந்த பின்வாசல் வழியாக உள்ளே மூலையில் இருந்த பச்சைக் குடத்தைப் பார்த்தார்.

"பாலா, இந்த வீட்ல ரெண்டு தண்ணி இருக்கு."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மேடம். நான் எட்டாவதுல பயாலஜி டீச்சருக்கு பயந்து கட் அடிச்சவன்."

அவர் ஒரு தண்டைக் கிள்ளிக் காட்டினார். இதற்குள்ளே கோடிக்கணக்கில் சின்னச் சின்ன பைகள். ஒவ்வொரு பையும் தண்ணீரால் புடைத்திருப்பதால்தான் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. பையின் தோலுக்குச் சவ்வு என்று பெயர். அதில் ஒரு விசேஷம்: தண்ணீர் அதைத் தாண்டிப் போகும், வரும். உப்பு அப்படிச் சுலபமாகத் தாண்ட முடியாது. உப்பு தாண்ட முடியாதபோது தண்ணீர்தான் உப்பு அதிகம் இருக்கும் பக்கமாக நடக்கும். வெளியே நல்ல தண்ணீர் என்றால் உள்ளே வரும், தண்டு விறைக்கும். வெளியே உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே இருப்பதும் வெளியே போய்விடும்.

"உப்பு எந்தப் பக்கம் கீதோ தண்ணி அங்க ஓடும்," என்றான் பாலா. "எலெக்சன்ல எங்க மாமா மாதிரி. எந்தக் கட்சி பிரியாணி போடுதோ அங்க."

"அதேதான். சுத்திலும் தண்ணி இருந்தும் இது காய்ஞ்சுபோயிருக்கு."

சொல்லி முடித்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பாலாவுக்கும் அது எட்டியது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"குடிச்சிகினேதான் இருந்தான்," என்றான் மெதுவாக.

வசுமதி சந்திரம்மாவை வேலிக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய்க் கேட்டார். கேட்கக் கேட்கக் காலனியின் கணக்கு முழுதாக விளங்கியது. கடல் வந்து போனபின் அடிபம்பில் உப்பு ஏறிவிட்டது. லாரித் தண்ணீர் மேலே ரோட்டோரத்துக் குப்பத்திலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். காலனிக்கு வந்து சேர்வது வீட்டுக்கு ஒரு குடம், அதுவும் வருகிற நாளில்தான். அந்தக் குடம் பிள்ளைகள் குடிக்க, உலை வைக்க. கொஞ்சம் எப்போதும் மிச்சம் வைத்திருப்பார்கள், வீடு தேடி வருகிறவர்களுக்கு. வந்தவர்களுக்குக் கரிக்கும் தண்ணீரைக் கொடுப்பது இவர்களால் முடியாத காரியம். போலீஸ்காரர்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"மருந்து எந்தத் தண்ணில கரைச்சீங்க?"

"பம்புத் தண்ணிலதான். அந்த மருந்தே உப்புதானே கரிக்குது? அதுல போயி நல்ல தண்ணிய எதுக்குக் கொட்டணும்?" சந்திரம்மா இதில் மறைக்க ஒன்றும் இல்லாதவளாகச் சொன்னாள். "ஆனா நல்லா காய்ச்சினோம்மா. கண்ணகி எங்க எல்லாத்துக்கும் மேல சுத்தம். பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சுவா, கிருமி ஒண்ணுகூட நிக்கக்கூடாதுன்னு."

பாலா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு பாக்கெட்டுக்குள்ளே எவ்வளவு யோசனை இருக்கிறது என்று வசுமதி வகுப்பில் ஆசை ஆசையாகச் சொல்வதுண்டு. குடலின் சுவரில் சில கதவுகள் உண்டு. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுகிற மாதிரி, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால்தான் அவை திறக்கும். அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். வாடிக் கிடந்த பிள்ளை எழுந்து உட்காரும். அதற்கு அளவு முக்கியம். உப்பு மிஞ்சிவிட்டால், வழி தலைகீழ். உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் குடலுக்கு வந்து வெளியேறும். ஒவ்வொரு செல்லும் சுருங்கும், மூளையில் இருப்பவையும்தான். பிள்ளை தாகம் என்று அழும். தாய் இன்னும் ஒரு டம்ளர் கொடுப்பாள்.

"கேஸு முடிஞ்சிது மேடம்," என்றான் பாலா. அவன் குரலில் முடித்த சந்தோஷம் இல்லை. "ஜோயலு வெளிய வந்துருவாரு. அந்தப் பொண்ணு..."

"ஜோயலுக்கு இது தெரியுமா?" என்று வசுமதி சந்திரம்மாவிடம் கேட்டார்.

அப்போதுதான் அது வெளியே வந்தது. பையன் இறந்த அன்று ஜோயல் ஓடி வந்திருக்கிறான். கூட்டம் அழுதுகொண்டிருக்க, மிச்சம் கிடந்த டம்ளரை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். அதைக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு வந்து கொஞ்சநேரம் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறான். என் புள்ளைக்கு நான் இன்னா தப்பு பண்ணேன் என்று கண்ணகி மார்பில் அடித்துக்கொண்டபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா, என் பாக்கெட்டுதான் கோளாறுன்னு சொன்னாரு. அதக் கேட்டுத்தானே ஆம்பளைங்க போலீஸக் கூப்டாங்க."

வீடு வீடாகப் போய் மிச்சப் பாக்கெட்டுகளையும் அவனே வாங்கிக்கொண்டு போனானாம், கெட்டுப்போன சரக்கு என்று சொல்லி.

ஆக, பரிசோதனை அறிக்கை வந்தாலும் கோர்ட்டில் அவன் வாய் திறக்கப்போவதில்லை. நன்றாகக் காய்ச்சு என்று சொல்லிக் கொடுத்தவன் அவன். எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் விட்டவனும் அவன்.

பாலா தரையில் காலால் கோடு கிழித்தான். "சொல்லாம போயிர்லாமா மேடம்? பாக்கெட்டுங்கதான் ஒண்ணும் இல்லியே. இனிமே எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆவாது. வக்கீலு வேற ஏதாவது பாக்கட்டும்."

வசுமதி உடனே மறுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விளக்கத்தை விழுங்கிவிட அவர் தயாராக இருந்தார்.

சந்திரம்மாதான் அதைக் கெடுத்தாள். பாக்கெட் இல்லாமல் இல்லையாம். போன வாரம் நிவாரண வேனில் வந்தவர்கள் பை பையாக வேறு கொடுத்துவிட்டுப் போனார்களாம். இது நல்ல சரக்காம், கவர்மெண்ட் சீல் இருக்கிறதாம். "எங்க அனுவுக்கும் நேத்துலேந்து வவுத்தால போவுது. அதுக்கும் தண்ணி காய்ச்சிட்டேன், ஆறிகினு கீது."

வசுமதி ஓடினார்.

சந்திரம்மாவின் வீட்டுக்குள் பாயில் அனு சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அடுப்போரம் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர், பக்கத்தில் பிரிக்காத பாக்கெட். வசுமதி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பாக்கெட் இன்னும் சேரவே இல்லை, அதற்குள் கடல் மாதிரி கரித்தது.

"இத கொடுக்காதீங்க," என்றார்.

"ஏம்மா?"

வாசலில் நிழல் விழுந்தது. கண்ணகி வந்து நின்றிருந்தாள்.

பாலா முந்திக்கொண்டான். பம்பில் புதிதாகப் புழு வந்திருக்கிறது, கடல் புழு, ஆபத்து என்று வாய்க்கு வந்ததை அடுக்கினான். அவன் அவ்வளவு மோசமாகப் பொய் சொல்லி வசுமதி கேட்டதில்லை.

"காய்ச்சினா புழு செத்துருமே," என்றாள் கண்ணகி.

அவள் வந்து அலுமினியப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அதில் தண்ணீர் முதலில் நின்ற இடத்தைக் காட்டும் வெள்ளை வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வசுமதியைப் பார்த்தாள்.

"காய்ச்சினா உப்பு போவாதாம்மா?"

"போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு அப்படியே நிக்கும்."

"பாதியா சுண்ட வெச்சா?"

பத்து வருடம் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொன்னவர் வசுமதி. இப்போது பிரிக்காத பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணகியே சொன்னாள்.

"ரெண்டு பங்கா ஆவும்."

அவள் அழவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேலியோரம் கொட்டினாள். தன் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் அந்தப் பச்சைக் குடம் இருந்தது.

"அன்னிக்கு இது நெறஞ்சிதான் இருந்திச்சி," என்றாள் சந்திரம்மாவிடம். "லாரி வந்த மறுநாளு. அப்படியே மூடி வெச்சிருந்தேன்."

குடத்தை வேறொரு பாத்திரத்தில் கவிழ்த்தாள். இருந்ததெல்லாம் சரியாக ஒரு லிட்டர் தேறியது. பாக்கெட்டை வசுமதி பிரித்துக் கரைத்தார். கண்ணகி அனுவை மடியில் தூக்கிப்போட்டு ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். முதல் மூன்று ஸ்பூனும் கடைவாயில் வழிந்தது. நாலாவதை அனு விழுங்கினாள். இது மட்டும் போதாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வசுமதி சொன்னதும் பாலா ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினான்.

சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. மற்ற வீடுகளுக்கு வசுமதியும் கண்ணகியும் சேர்ந்தே போனார்கள். வசுமதி சவ்வைப் பற்றியும் செல்லைப் பற்றியும் ஆரம்பிப்பார், பெண்கள் விழிப்பார்கள். கண்ணகி கையிலிருந்த கொத்தமல்லியைக் காட்டி, பம்புத் தண்ணில வெச்சா இப்படி ஆவுது, புள்ளைக்கும் அப்படித்தான் ஆவும், மருந்துக்கு லாரித் தண்ணி ஊத்துங்க என்பாள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. லாரித் தண்ணீர் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த லாரி எப்போது வரும் என்று காலனியில் யாருக்கும் தெரியாது.

அனுவையும் சந்திரம்மாவையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பாலா திரும்பி வந்தான். டிரிப் ஏற்றியிருக்கிறார்கள், ராத்திரி தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்களாம். கொத்தமல்லியைக் கண்ணகி கையிலிருந்து வாங்கித் தன் தண்ணீர் பாட்டிலில் செருகிப் பார்த்தான். அது நிமிரவில்லை.

கிளம்பும்போது கண்ணகி தன் வாசலில் நின்றாள்.

"அந்த அண்ணாத்தைக்கு கோர்ட்டு என்னிக்கு?"

"நாளைக்கு," என்றார் வசுமதி. "நீ வரணும்னு கட்டாயம் இல்லம்மா. நான் வேற வழி பாக்குறேன்."

"வேற வழி கீதா?"

வசுமதி இல்லை என்று தலையசைத்தார்.

"நான் வந்து சொல்றேன். எந்தத் தண்ணின்னு நான்தானே சொல்லணும்."

ஸ்கூட்டர் கிளம்பியது. அவள் ஏதோ சொல்லக் கைகாட்டவும் பாலா நிறுத்தினான். கண்ணகி காலியான பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பாதைவரை வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றாள். "ரொம்ப நேரம் நடந்துட்டீங்க. குடிக்கக் குடுக்கத் தண்ணி இல்ல."